மகிழுந்து டயர் காற்றழுத்தம்

மகிழுந்து டயர் காற்றழுத்தம் என்பது மகிழுந்தின் (கார்) டயர்களுக்குள் அடைக்கப்பட்டுள்ள காற்று, வெளியிலுள்ள வளிமண்டலத்தைவிட எவ்வளவு கூடுதலான அழுத்தத்தில் உள்ளது என்பதைக் குறிக்கும் அளவாகும். வண்டியின் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது டயரின் இரப்பர் அன்று. அதனுள் அடைபட்டுள்ள காற்றே ஆகும். எனவே நிறுத்தும் தொலைவு, வளைவுகளில் நிலைத்தன்மை, எரிபொருள் செலவு, டயரின் ஆயுள் ஆகிய அனைத்தும் இவ்வழுத்தத்தைச் சார்ந்துள்ளன. நல்ல நிலையிலுள்ள டயரிலிருந்தும் காற்று மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். இக்கசிவு கண்ணுக்குப் புலப்படாததால், மகிழுந்துப் பராமரிப்பில் மிக எளிதானதும் மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படுவதுமான பணியாக இது உள்ளது.

பெயர்களும் அலகுகளும்

டயர் என்பதற்கு உருளிப்பட்டை, வட்டகை முதலிய தமிழ்ச் சொற்கள் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. எனினும் தமிழ்நாட்டு வழக்கில் டயர் என்ற சொல்லே நிலைத்துவிட்டது. இலங்கை வழக்கில் இது ரயர் எனவும் எழுதப்படுவதுண்டு.

டயர் காற்றழுத்தம் பின்வரும் அலகுகளில் அளக்கப்படுகிறது:

* சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு (பிஎஸ்ஐ). இந்தியாவில் காற்று நிரப்பும் இடங்களில் பெரும்பாலும் இவ்வலகே பயன்படுகிறது.
* கிலோபாசுக்கல். இது அனைத்துலக அலகு முறையைச் சேர்ந்தது.
* பார். ஒரு பார் என்பது 100 கிலோபாசுக்கல், அதாவது ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ ஆகும்.

எடுத்துக்காட்டாக, 33 பிஎஸ்ஐ என்பது ஏறத்தாழ 228 கிலோபாசுக்கல் அல்லது 2.3 பார் ஆகும். அழுத்தமானி காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்ட அளவை மட்டுமே. கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 14.7 பிஎஸ்ஐ ஆதலால், 33 பிஎஸ்ஐ காட்டும் டயரினுள் உள்ள தனி அழுத்தம் 47.7 பிஎஸ்ஐ ஆகும்.

காற்று எடையைத் தாங்கும் முறை

மொத்தம் 1,200 கிலோகிராம் எடையுள்ள ஒரு மகிழுந்தை எடுத்துக்கொள்வோம். எடை நான்கு சக்கரங்களுக்கும் சமமாகப் பகிரப்படுவதாகக் கொண்டால், ஒவ்வொரு டயரும் 300 கிலோகிராம் எடையைத் தாங்க வேண்டும். 33 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.32 கிலோகிராம் எடைக்கு நிகரானது. எனவே டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 129 சதுர சென்டிமீட்டர் ஆகும். இது ஓர் அஞ்சலட்டையின் பரப்பை ஒத்தது. டயரின் பக்கச்சுவரும் எடையில் ஒரு சிறு பங்கைத் தாங்குவதால் உண்மையான பரப்பு சற்று வேறுபடும்.

அழுத்தம் 25 பிஎஸ்ஐ ஆகக் குறைந்தால் அதே எடையைத் தாங்க ஏறத்தாழ 171 சதுர சென்டிமீட்டர் பரப்பு தேவைப்படுகிறது. அப்பரப்பைப் பெறுவதற்காக டயர் தட்டையாகிறது. பக்கச்சுவர் கூடுதலாக வளைகிறது. தரையைத் தொடும் பரப்பு கூடுவதால் பிடிப்பும் கூடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இவ்வாறு தட்டையான டயரில் ஓரங்களே அழுத்தமாகத் தரையில் பதிகின்றன, நடுப்பகுதி உள்வாங்குகிறது. எனவே சாலையில் பிடிப்பு சீராக அமைவதில்லை.

வரலாறு

காற்றடைத்த சக்கரத்துக்கான முதல் காப்புரிமையை இசுக்கொட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல் பெற்றார். அது அப்போது பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. 1888இல் பெல்பாசுட்டு நகரில் கால்நடை மருத்துவராக இருந்த சான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காகக் காற்றடைத்த டயரை உருவாக்கினார். 1895இல் பாரிசு - போர்தோ - பாரிசு பந்தயத்தில் மிச்செலின் உடன்பிறப்புகள் காற்றடைத்த டயர்கள் பொருத்திய மகிழுந்தை ஓட்டினர்.

மிச்செலின் நிறுவனம் 1946இல் ஆரப்போக்கில் இழைகள் அமைந்த ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்று, 1949இல் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய மகிழுந்துகளில் உள்ளவை ரேடியல் டயர்களே. இவற்றின் பக்கச்சுவர் நெகிழ்வானது. சரியான அழுத்தத்திலும் அடிப்பகுதி சற்றுப் பிதுங்கியே தோன்றும். ஆகவே ரேடியல் டயரில் காற்று குறைந்திருப்பதைக் கண்ணால் பார்த்தோ காலால் உதைத்தோ கண்டறிய இயலாது. 33 பிஎஸ்ஐ உள்ள டயரும் 26 பிஎஸ்ஐ உள்ள டயரும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்.

பரிந்துரைக்கப்பட்ட அழுத்தம்

ஒரு மகிழுந்துக்குரிய சரியான அழுத்தத்தை முடிவு செய்பவர் அதன் உற்பத்தியாளர் ஆவார். இவ்வளவு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்ட அட்டவணையிலோ, எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ, உரிமையாளர் கையேட்டிலோ தரப்பட்டிருக்கும். பல வண்டிகளில் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் தனித்தனி அளவுகள் இருக்கும். ஓரிருவர் மட்டும் செல்லும்போது ஓர் அளவும், முழுச் சுமையுடன் செல்லும்போது அதனிலும் கூடுதலான அளவும் குறிப்பிடப்படுவதுண்டு. குடும்பத்துடனும் மூட்டை முடிச்சுகளுடனும் நெடும்பயணம் செல்பவர்கள் இவ்விரண்டாம் அளவைப் பின்பற்ற வேண்டும்.

டயரின் பக்கச்சுவரில் அச்சிடப்பட்டுள்ள அழுத்தம் அந்த டயர் ஏற்கக்கூடிய பெரும அளவாகும். அது வண்டிக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவு அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் காற்று நிரப்புவது பரவலாகக் காணப்படும் தவறாகும்.

வெப்பநிலையும் அழுத்தமும்

பரிந்துரைக்கப்படும் அளவு குளிர்நிலை அழுத்தம் ஆகும். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல் நின்றிருந்தாலோ, அதன்பின் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடாதிருந்தாலோ டயர் குளிர்நிலையில் உள்ளதாகக் கொள்ளப்படும்.

பருமன் மாறாத வளிமத்தின் தனி அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஓடும்போது டயர் சூடாவதால் அழுத்தம் உயர்கிறது. இதனைப் பின்வரும் கணக்கீட்டால் விளங்கிக்கொள்ளலாம்:

* காலையில் 25 பாகை செல்சியசில் அழுத்தம் 33 பிஎஸ்ஐ. தனி அழுத்தம் 47.7.
* நெடுஞ்சாலையில் ஓடியபின் உள்ளிருக்கும் காற்று 55 பாகையை அடைகிறது. தனி அழுத்தம் 52.5 ஆகிறது, அழுத்தமானி ஏறத்தாழ 38 பிஎஸ்ஐ காட்டுகிறது.
* ஓட்டுநர் இதனை மிகை என எண்ணி 33 வரும்வரை காற்றைத் திறந்துவிடுகிறார்.
* மறுநாள் காலையில் டயர் மீண்டும் 25 பாகைக்குக் குளிர்கிறது. அப்போது அழுத்தம் ஏறத்தாழ 28.6 பிஎஸ்ஐ மட்டுமே.

அதாவது, டயர் வெடித்துவிடக் கூடாது என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட செயல், டயரை வெடிப்புக்குரிய நிலைக்கு நெருக்கமாகக் கொண்டு செல்கிறது. கோடைக்காலத்தில் வழக்கத்தைவிடக் குறைவாகக் காற்று நிரப்ப வேண்டும் என்ற நம்பிக்கையும் இதே தவறுதான். ஓடும்போது ஏற்படும் உயர்வைக் கணக்கில் கொண்டே உற்பத்தியாளர்கள் குளிர்நிலை அளவை வகுக்கின்றனர்.

மலைப்பயணங்களில் இரு விளைவுகள் ஒன்றுக்கொன்று எதிராகச் செயல்படுகின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்துக்குச் செல்லும்போது, குளிரால் டயரின் அழுத்தம் குறைகிறது. அதே நேரத்தில் வெளியிலுள்ள வளிமண்டல அழுத்தமும் குறைவதால் அழுத்தமானி காட்டும் அளவு உயர்கிறது. இவை பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், மலையேறுவதற்கெனத் தனியாகக் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ தேவையில்லை.

அழுத்தம் குறைவதற்கான காரணங்கள்

* இரப்பரின் ஊடாகக் காற்று மெதுவாக ஊடுருவி வெளியேறுதல். இவ்வகையில் மாதத்துக்கு ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையலாம்.
* வால்வின் உள்ளிருக்கும் ஊசியில் தூசு படிதல், வால்வின் இரப்பர் வெடித்தல், வால்வு மூடி இல்லாமை.
* சக்கர விளிம்பில் (ரிம்) துரு ஏறுதல், குழியில் விழுந்து விளிம்பு நெளிதல்.
* ஆணி முதலியவை குத்துதல்.

டியூப் இல்லாத டயரில் ஆணி குத்தினால் உடனடியாகக் காற்று இறங்குவதில்லை. ஆணியே துளையை அடைத்துக்கொள்வதால் பல நாள்களில் சிறிது சிறிதாகக் கசியும். இது இவ்வகை டயரின் சிறப்பாகும். ஆனால் டயரில் ஆணி இருப்பதையே அறியாமல் குறைந்த அழுத்தத்துடன் நெடுஞ்சாலையில் செல்லும் வாய்ப்பையும் இதுவே ஏற்படுத்துகிறது. நான்கு டயர்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட விரைவாக அழுத்தம் இழந்தால், மீண்டும் மீண்டும் காற்று நிரப்பிக்கொண்டிராமல் கசிவைக் கண்டறிந்து சரிசெய்ய வேண்டும். தரைபடும் பகுதியிலுள்ள சிறு துளையை மட்டுமே பஞ்சர் ஒட்டிப் பயன்படுத்தலாம். பக்கச்சுவரில் வெட்டோ துளையோ ஏற்பட்டால் டயரை மாற்றுவதே முறையாகும்.

குறைந்த அழுத்தத்தின் விளைவுகள்

வெப்பமும் வெடிப்பும்

சக்கரம் ஒருமுறை சுழலும்போது டயரின் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை வளைந்து மீள்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இது நொடிக்கு ஏறத்தாழ 15 முறை நிகழ்கிறது. வளைக்கச் செலவான ஆற்றல் முழுவதையும் இரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிறது. அழுத்தம் குறைவாக இருந்தால் வளைவு மிகும், வெப்பமும் மிகும். வேகம், சுமை, வெயில் ஆகியவை சேரும்போது இரப்பருக்கும் அதனுள் உள்ள எஃகு இழைகளுக்கும் இடையிலான பிணைப்பு தளர்கிறது. இறுதியில் தரைபடும் பகுதி பிரிந்துவிடலாம் அல்லது பக்கச்சுவர் கிழிந்து டயர் வெடிக்கலாம். பொதுவாக, அதிகக் காற்றால் டயர் வெடிக்கிறது என்று கருதப்படுகிறது. ஆனால் நெடுஞ்சாலை வெடிப்புகளில் குறைந்த காற்றும் அதனால் விளைந்த வெப்பமும் முதன்மையான காரணங்களாகும்.

இவ்வாறு ஏற்படும் உட்சேதம் நிலையானது. காற்றை மீண்டும் நிரப்புவதால் அது சரியாவதில்லை. மிகக் குறைந்த காற்றுடன் ஓட்டப்பட்ட டயரைக் கழற்றினால், உட்புறத்தில் கருநிற இரப்பர்த் தூள் உதிர்ந்திருப்பதைக் காணலாம். அத்தகைய டயரைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது.

ஈரச் சாலை

மழைக்காலத்தில் டயருக்கும் சாலைக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்து, சக்கரம் நீரின்மேல் மிதப்பது நீர்மிதப்பு எனப்படும். அந்நிலையில் தடையும் திசைமாற்றியும் பயன்படா. 1960களில் நாசா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வானூர்திச் சக்கரங்களை ஆராய்ந்து, நீர்மிதப்பு தொடங்கும் வேகம் டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது எனக் கண்டனர். அச்சமன்பாட்டின்படி 33 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இவ்வேகம் மணிக்கு ஏறத்தாழ 96 கிலோமீட்டர். 25 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஏறத்தாழ 83 கிலோமீட்டர். மகிழுந்துகளில் டயரின் வரிப்பள்ளங்களின் ஆழமும் நீரின் ஆழமும் இவ்வேகத்தை மாற்றும். எனினும் காற்று குறையக் குறைய பாதுகாப்பான வேகமும் குறையும் என்பது பொதுவானது.

தேய்மானமும் எரிபொருளும்

குறைந்த அழுத்தமுள்ள டயரின் இரு ஓரங்களும் விரைவாகத் தேய்கின்றன. உருளல் தடை கூடுவதால் எரிபொருள் செலவும் உயர்கிறது. அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீட்டின்படி, நான்கு டயர்களின் சராசரி அழுத்தம் 1 பிஎஸ்ஐ குறையும்போது ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் தொலைவு ஏறத்தாழ 0.2% குறைகிறது.

மிகை அழுத்தத்தின் விளைவுகள்

எரிபொருளைச் சேமிக்கும் நோக்கில் சிலர் பரிந்துரையைவிட மிகுதியாகக் காற்று நிரப்புகின்றனர். இதனால் தரையைத் தொடும் பரப்பு சுருங்குகிறது. டயரின் நடுப்பகுதி விரைவாகத் தேய்கிறது. குழிகளில் விழும்போது அதிர்வு கூடுவதுடன், டயரின் உள்ளிழைகள் அறுபடும் வாய்ப்பும் அதிகரிக்கிறது.

2000ஆம் ஆண்டின் டயர் மீட்பு நிகழ்வு

அமெரிக்காவில் ஃபோர்டு எக்சுபுளோரர் வகை உந்துகளில் பொருத்தப்பட்டிருந்த ஃபயர்சுடோன் டயர்களின் தரைபடும் பகுதி ஓட்டத்தின்போது பிரிந்ததால் பல விபத்துகள் நிகழ்ந்தன. 2000 ஆகத்து மாதத்தில் ஏறத்தாழ 65 இலட்சம் டயர்கள் திரும்பப் பெறப்படும் என அறிவிக்கப்பட்டது. இவ்விபத்துகளுடன் தொடர்புடையனவாக 271 இறப்புகளை அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் பதிவு செய்தது.

அவ்வுந்துகளுக்கு ஃபோர்டு 26 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பரிந்துரைத்திருந்தது. டயர் நிறுவனம் 30 பிஎஸ்ஐ தேவை என்றது. எது முதன்மைக் காரணம் என்பதில் இரு நிறுவனங்களும் முரண்பட்டன. அரசு விசாரணை டயரிலேயே குறைபாடு இருந்ததாக முடிவு செய்தது. பிரிவுகள் பெரும்பாலும் வெப்பமான தென் மாநிலங்களில் நிகழ்ந்தமை, வெப்பத்தின் பங்கைத் தெளிவாக்கியது. இந்நிகழ்வைத் தொடர்ந்து 2000 நவம்பரில் இயற்றப்பட்ட சட்டம், காற்று குறைந்ததை ஓட்டுநருக்கு எச்சரிக்கும் அமைப்பை உந்துகளில் பொருத்தக் கோரியது.

அழுத்தக் கண்காணிப்பு அமைப்பு

டயர் அழுத்தக் கண்காணிப்பு அமைப்புகள் இரு வகைப்படும்.

* நேரடி அமைப்பு: ஒவ்வொரு சக்கரத்தினுள்ளும் ஓர் உணரி அழுத்தத்தை அளந்து வானலை வழியாக அனுப்பும்.
* மறைமுக அமைப்பு: காற்று குறைந்த சக்கரத்தின் ஆரம் சிறிது குறைவதால் அது மற்றவற்றைவிட விரைவாகச் சுழலும். தடைப் பூட்டுத் தவிர்ப்பு அமைப்பின் உணரிகள் வழியாக இவ்வேறுபாடு கண்டறியப்படுகிறது. நான்கு டயர்களிலும் ஒரே அளவில் காற்று குறைந்தால் இவ்வகை அமைப்பு அதனை உணரத் தவறலாம்.

அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதலும் எல்லாப் புதிய மகிழுந்துகளிலும் இவ்வமைப்பு கட்டாயமானது. அமெரிக்க விதியின்படி, அழுத்தம் பரிந்துரையைவிட 25% குறையும்போது எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். 33 பிஎஸ்ஐ தேவைப்படும் டயரில் இது ஏறத்தாழ 25 பிஎஸ்ஐ ஆகும். எனவே விளக்கு எரியவில்லை என்பதால் அழுத்தம் சரியாக உள்ளது எனக் கொள்ள இயலாது.

அளவிடும் முறை

1. மாதம் ஒருமுறையும் ஒவ்வொரு நெடும்பயணத்துக்கு முன்பும், காலையில் வண்டியை எடுக்குமுன் அளவிட வேண்டும்.
2. வால்வு மூடியைக் கழற்றி, அழுத்தமானியை நேராக அழுத்திப் பிடித்து அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
3. குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். டயர் குளிர்நிலையில் இருக்கும்போது மிகையாக இருந்தால் மட்டுமே காற்றைத் திறந்துவிட வேண்டும்.
4. வால்வு மூடியைத் தவறாமல் பொருத்த வேண்டும்.

காற்று நிரப்பும் இடம் தொலைவில் இருந்தால் அங்கு செல்வதற்குள் டயர் சூடாகிவிடும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. வீட்டிலேயே குளிர்நிலையில் அளந்து, எத்தனை பிஎஸ்ஐ குறைவு என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக 5 குறைவு எனில், நிரப்பும் இடத்தில் அழுத்தமானி காட்டும் அளவுடன் மேலும் 5 சேர்த்து நிரப்பினால் போதுமானது. சூடான டயரிலேயே பரிந்துரைக்கப்பட்ட அளவைவிடக் குறைவாகக் காட்டினால் நிலைமை மோசமானது எனக் கொண்டு உடனே அவ்வளவுக்கு நிரப்பி, மறுநாள் காலையில் மீண்டும் அளந்து சரிசெய்ய வேண்டும்.

இந்தியாவில் பெட்ரோல் நிலையங்கள் இலவசமாகக் காற்று வழங்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதியாகும். எனினும் பல வண்டிகளுக்குப் பயன்படும் பொது அழுத்தமானிகள் நாளடைவில் பிழையாகக் காட்டக்கூடும். ஆதலால் சொந்தமாக ஒரு சிறு அழுத்தமானியை வைத்துக்கொள்வது நல்லது.

நைட்ரசன் நிரப்புதல்

சில கடைகளில் கட்டணம் பெற்று நைட்ரசன் நிரப்பப்படுகிறது. இயல்பான காற்றிலேயே 78% நைட்ரசன் உள்ளது. நைட்ரசன் இரப்பரின் ஊடாகச் சற்று மெதுவாகக் கசிகிறது. உலர்ந்திருப்பதால் நீராவி உள்ளே செல்வதில்லை. அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்சு இதழ் 2007இல் வெளியிட்ட சோதனையில், 30 பிஎஸ்ஐ நிரப்பப்பட்ட டயர்கள் ஓராண்டில் காற்று எனில் சராசரியாக 3.5 பிஎஸ்ஐயும், நைட்ரசன் எனில் 2.2 பிஎஸ்ஐயும் இழந்தன. வேறுபாடு உண்மையானது, ஆனால் சிறியது. நைட்ரசன் நிரப்பியவரும் அழுத்தத்தை அளவிட்டே ஆகவேண்டும். வெப்பத்தால் அழுத்தம் உயர்வதும் உலர்ந்த காற்றைப் போன்றதே. நைட்ரசன் நிரப்பிய டயரில் தேவைப்படும்போது காற்றைக் கலந்து நிரப்புவதால் தீங்கில்லை.

ஸ்டெப்னி

மாற்றுச் சக்கரத்தைக் குறிக்கத் தமிழ்நாட்டில் வழங்கும் ஸ்டெப்னி என்ற சொல், வேல்சு நாட்டின் இலனெத்லி நகரிலுள்ள ஸ்டெப்னி தெருவின் பெயரிலிருந்து வந்தது. அங்கு 1904இல் டேவிசு உடன்பிறப்புகள் மகிழுந்துகளுக்கான மாற்றுச் சக்கரத்தை உருவாக்கி விற்றனர். பிரித்தானியாவில் இன்று வழக்கொழிந்துவிட்ட இச்சொல் இந்தியாவில் நிலைத்துள்ளது.

ஸ்டெப்னியிலும் காற்று கசியும். நான்கு சக்கரங்களையும் அளவிடுபவர்களும் இதனை மறந்துவிடுவதால், தேவைப்படும் வேளையில் அது பயனற்றுப் போவதுண்டு. இந்தியாவில் 2020இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகளின்படி, டியூப் இல்லாத டயர்களும் அழுத்தக் கண்காணிப்பு அமைப்பும் பஞ்சர் ஒட்டும் கருவிகளும் கொண்ட மகிழுந்துகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை.

ஓட்டத்தின்போது டயர் வெடித்தால்

* தடையை உடனே அழுத்தக் கூடாது. அழுத்தினால் வண்டி வெடித்த டயரின் பக்கமாக இழுக்கப்பட்டுக் கட்டுப்பாட்டை இழக்கலாம்.
* திசைமாற்றியை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து வண்டியை நேராகச் செலுத்த வேண்டும்.
* முடுக்கியிலிருந்து காலை மெதுவாக எடுத்து வேகம் தானாகக் குறைய விட வேண்டும்.
* வேகம் நன்கு குறைந்தபின் எச்சரிக்கை விளக்குகளைப் போட்டுச் சாலையோரத்தில் நிறுத்த வேண்டும்.

அழுத்தத்தால் ஈடுசெய்ய இயலாதவை

சரியான காற்றழுத்தம் தேய்ந்த டயரையோ பழைய டயரையோ பாதுகாப்பானதாக்காது. மகிழுந்து டயரின் வரிப்பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். பள்ளங்களுக்குள் உள்ள சிறு மேடுகள் இவ்வளவைக் காட்டும். டயர் அம்மேடுகள் வரை தேய்ந்தால் மாற்ற வேண்டும். டயர் செய்யப்பட்ட காலம் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்களால் குறிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 2319 என்பது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தைக் குறிக்கும். குறைவாக ஓடிய வண்டியிலும் இரப்பர் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி வெடிப்பு விடும். ஆகையால் பயன்படுத்திய மகிழுந்தை வாங்குபவர்கள் வரிப்பள்ளத்தின் ஆழத்துடன் இவ்விலக்கங்களையும் பார்ப்பது இன்றியமையாதது. ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.